எழுதாமல் விட்ட இரண்டு பந்துகள்

1. எண்பத்து நான்கு வீதம்

எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணி ஞாயிற்றுக்கிழமை தோற்றது. திங்கள் காலை எச்.ஆர். அதிகாரி ஜெயசீலன் சேர் என்னைத் தேடித் தொழிற்சாலைக்குள்ளேயே வந்துவிட்டார். கையில், தனியாக நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு எத்தனை போகிறது என்று நான் எழுதிய பயிற்சித் தாள்.

“பிள்ளை, உம்மட பேப்பரில ஷெரினுக்கு எண்பத்திநாலு வீதம் எண்டு கிடக்கு. நேற்று ஆறு ஃப்ரீ த்ரோ. எத்தினை போனது?”

“ஒண்டு, சேர்.”

“மிச்சம் எங்க, பேப்பருக்குள்ளயோ?”

வத்தளையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பாடசாலைக் காலத்தில் விளையாடியவள் என்பதால், நிறுவனங்களுக்கிடையிலான போட்டிக்கு அணியைத் தயார்படுத்தும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஷெரின் கொட்டாஞ்சேனைப் பெண். அவளுடைய ஷூட்டிங்கைப் பார்த்துத்தான் வேலைக்கே எடுத்தார்கள். பாக்கிங் பிரிவில் ஆறு மாத கொன்ட்ராக்ட். அது அந்த மாதத்தோடு முடிய இருந்தது.

“வெள்ளிக்கிழமை மட்ச்சில அவவ வெளியில இருத்தும்” என்றார் சேர். “விளையாட எண்டு எடுத்த ஆள் விளையாடேல்லை எண்டா, நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்பிடி எழுதுறது?”

“வெள்ளி வரைக்கும் டைம் தாங்கோ, சேர்.”

“தந்தாச்சு. பிறகு அழுதுகொண்டு வரக்கூடாது, ரெண்டு பேரும்.”

2. சரி போட முடிந்த பட்டியல்

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் சீமெந்துத் தளத்தில், வேலை முடிந்த பின்னேரங்களில் பயிற்சி செய்வோம். அன்று ஒரு பட்டியலோடு போனேன்: முழங்கை, மணிக்கட்டு, கால் இடைவெளி, மூச்சு. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டேன். எதிலும் பிழையில்லை. நான் எழுதிய பத்துப் பந்தில் ஒன்பதைப் போட்டாள்.

“பாருங்கக்கா, போகுதுதானே! மட்ச்ல மட்டும் யாரோ அந்த ரிங்க சின்னதாக்கிர்றாங்க.”

சிரித்தாளே தவிர, உள்ளங்கையை டீ ஷேர்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பத்துக்கு வந்தாள். முதல் இரண்டு பந்துகளும் வளையத்தில் பட்டு வெளியே தெறித்தன. மூன்றாவது உள்ளே போனது. அதிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

“அக்கா, முதல் ரெண்டையும் ஏன் எப்பவும் எழுதுறதில்ல?”

“அது வோர்ம்-அப்…” என்று தொடங்கிய நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

தொழிற்சாலையில் காலையில் அடுப்பைப் போட்டதும் வரும் முதல் தட்டுகளில் நிறமும் சரிவராது, எடையும் சரிவராது. அவற்றை ஒதுக்கிவிட்டு, லைன் சீரான பிறகே சாம்பிள் எடுப்போம். அங்கே அது சரியான முறை. யோசிக்காமல் அதே பழக்கத்தைக் கோர்ட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். மட்ச்சில் எதிரணி இடித்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ என்றால் இரண்டே பந்து. கை சூடேற மூன்றாவது பந்து கிடையாது. மாதக்கணக்காக நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது அந்த இரண்டையும்தான்.

பிழை அவள் கையில் இல்லை, என் கணக்கில்தான் என்று அவளிடம் சொன்னேன். அவள் பந்தை இரண்டு தடவை தட்டினாள்.

“அப்ப நான் நல்லாப் போடுறேன்னு ஆறு மாசமா நம்பினது?”

விட்டிருந்த முதல் இரண்டு பந்துகளையும் தாளில் எழுதிச் சேர்த்தேன்.

3. மூன்று நாள்

செவ்வாயிலிருந்து பயிற்சி முறை மாறியது. கோர்ட்டின் இரு முனைக்கும் ஓடி வர வேண்டும். மூச்சு வாங்கும்போதே இரண்டு பந்து. உடனே அடுத்தவளுக்கு இடம். சுற்றி நிற்பவர்கள் எதையும் கத்தலாம். ஒரு பந்தும் விடாமல் எழுதுவேன்.

“ஷெரின், உன்ட பிஸ்கட் கருகுதுடி!”

“தீயக் குறைடி, தீய!”

செவ்வாய் ஷெரின் போட்டது இருபதுக்கு ஏழு. அவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

“இத சேர் பார்த்தா நான் பாக்கிங்லயும் இருக்க மாட்டேன்க்கா. ப்ளீஸ், காட்டாதீங்க.”

“காட்டத்தான் போறன்.”

அன்று என்னோடு கதைக்காமலே வீட்டுக்குப் போனாள். ஆனால் புதன் எல்லாருக்கும் முதல் வந்து நின்றாள். அன்று பதினொன்று. வியாழன் பதின்மூன்று.

வெள்ளி மத்தியானம் தாளை சேரின் மேசையில் வைத்தேன்.

“எண்பத்திநாலு இப்ப அறுபத்தஞ்சாப் போச்சு. இதைக் காட்டியோ அவவ மட்ச்சில இறக்கச் சொல்லுறீர்?”

“ஓம், சேர். முந்தினது நான் பிழையா எடுத்த கணக்கு. இது மட்ச்சில நம்பக்கூடிய கணக்கு.”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, இறக்கும். பிழைச்சா உம்மட பேரும்தான் கெடும்.”

4. வெள்ளி

கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் சமம். பந்தோடு உள்ளே நுழைந்த ஷெரினை இடித்து விழுத்தினார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. அதற்கு முன் நான்கில் மூன்று போட்டிருந்தாள். எதிரணிக்காரர் தண்ணீர்ப் போத்தல்களால் கதிரைகளில் அடித்துச் சத்தம் எழுப்பினார்கள்.

முதல் பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது.

பக்கத்தில் இருந்த சேர் எழுந்துவிட்டார். “முடிஞ்சுது” என்றார். பேனையை மடியில் வைத்தேன்.

ஷெரின் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை இருபதில் பதின்மூன்றைத் தவறவிட்டவளுக்கு, தவறிய பந்துக்குப் பிறகு எப்படி நிற்பது என்று தெரிந்திருந்தது. மூச்சை விட்டாள். இரண்டாவது பந்து வளையத்தில் படாமலே உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியால் வென்றோம்.

மாத முடிவில் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு நல்ல வீதம் கிடைத்தால், அதைக் கொண்டாடும் முன், எதை விட்டுவிட்டு அது வந்தது என்று பாருங்கள். உங்கள் வேலையை நம்பி இன்னொருவரின் வேலை இருக்கலாம்.