பத்து விரலும் நான்கு அன்னாசியும்

மாலை 5.10. ஜோகூர் பாருவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஐந்து ரிங்கிட் கட்டணம். பேருந்து என்னை மலேசியாவின் அன்னாசி ஊரான பெக்கான் நானாஸில் மழைக்குள் இறக்கிவிட்டுப் போய்விட்டது. திண்டுக்கல்லில் மழைக்கு ஏங்கிய நான் இங்கே குடைக்கு ஏங்கினேன்.

ஆரோக்கியம் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனான். என் தாத்தாவின் தம்பி பேரன். எனக்குத் தம்பி முறை. வயது நாற்பத்து நான்கு. பதினாறிலிருந்து அன்னாசி வெட்டுகிறான். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டதால் இந்த மாதத்தோடு வேலை சரி. இங்கிலாந்தில் ஆறு மாதம் ஸ்ட்ராபெரி பறிக்க ஒரு பண்ணையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விசா மட்டும் பாக்கி.

வீட்டில் அவன் மனைவி ஸ்டெல்லா இல்லை, பேக்டரி ஷிப்ட். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அன்னாசி ஊருக்கு வந்துட்டு அன்னாசி தின்னாம போனா சிரிப்பாங்கப்பா" என்றேன்.

அவன் ஒரு கணம் தன் கைகளைப் பார்த்தான். பிறகு பின்பக்கம் போய் நான்கு பழம் சீவிக்கொண்டு வந்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மூன்றரைப் பழத்தை நானே முடித்தேன். எதையும் அனுபவித்துத்தான் எழுத வேண்டும் என்பது என் கொள்கை.

காலை 6.40. வேலை முடிந்து வந்த ஸ்டெல்லா குப்பைவாளியில் தோலைப் பார்த்துவிட்டாள்.

"யாரு வெட்டுனது?"

"நான்தான் லா."

"அலமாக்! மூணு வாரமா எண்ண தடவி வச்ச கை!"

அப்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. அன்னாசிச் சாறு தோலைத் தின்னும். விசாவுக்குக் கைரேகை எடுக்கப் போனபோது இயந்திரம் இவன் விரல்களைக் கண்டுகொள்ளவில்லை. மூன்று வாரம் பழத்தைத் தொடாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் வேலைக்கு லீவு போட்டிருக்கிறான். அந்த நாள் இன்று. இன்று விண்ணப்பம் போகாவிட்டால் பண்ணை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

"கையுறை போட்டு வெட்டியிருக்கலாமே?" என்றேன், ஈனக்குரலில்.

"விருந்தாளிக்கு கிளவுஸ் போட்டுக்கிட்டா வெட்டிக் குடுக்கறது அண்ணே?" என்றான் ஆரோக்கியம்.

காலை 9.25. ஜோகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா, ஒரு கடைவீட்டின் மாடியில் விசா அலுவலகம். கைரேகை எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்.

"லேசா அழுத்துங்க அண்ணே. இன்னொருக்கா."

சிவப்பு விளக்கு. ஈரத்துணியால் துடைத்தாள், சிவப்பு. ஏதோ களிம்பு தடவினாள். இடது கையில் இரண்டு விரலுக்குப் பச்சை, வலது கையில் ஒன்றுக்கு.

"அன்னாசியா? எங்கப்பா கையும் இப்படித்தான்" என்றாள். "வெறும் மூணு விரல சிஸ்டம் ஏத்துக்காது அண்ணே. கை ஆறட்டும், வேற தேதி போடறேன்."

"வேற தேதி இல்லம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரு?"

"விருந்தாளி" என்றேன். இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்தக் காவல் நிலையத்திலும் வாங்க முடியாது.

காலை 11.00. கீழே காப்பிக்கடையில் அவனே எனக்கும் சேர்த்து வாங்கினான். "நான் கேட்ட நாலு பழத்துல எல்லாம் போச்சேப்பா" என்றேன்.

"நாலு பழத்துலயா போச்சு? இருபத்தெட்டு வருசமா போனது அண்ணே. குடிங்க, ஆறிடும்."

"இனி என்ன செய்வே?"

"அடுத்த வருசம் பாக்கலாம். அடுத்த மாசத்துல இருந்து வெட்டறதுக்குத் தோட்டமே இல்ல. ரேகை நல்லா வளரும் லா." அவன் சிரித்தான்.

மாலை 4.15. சிங்கப்பூரில் விமானம் ஏற வேண்டும். ஜோகூர் பாரு எல்லையில், குடிநுழைவுச் சோதனை வரிசையில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடியில் வைத்தேன். அரை நொடிகூட ஆகவில்லை. பச்சை. ஐம்பத்திரண்டு வருடமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை என்று ஒரு நாட்டின் அரசாங்கமே சான்றிதழ் கொடுத்தது போலிருந்தது.

கிளம்பும்போது ஆரோக்கியம் என் பையில் ஒரு முழு அன்னாசியை வைத்தான். "இத நீங்களே வெட்டிக்குங்க அண்ணே." திண்டுக்கல் வந்து நான்கு நாளாகிறது. பழம் மேசைமேல்தான் இருக்கிறது. வீடு முழுக்க வாசம். நான் இன்னும் கத்தியைத் தொடவில்லை.