பசி போன பிறகு

ஒரு பெண்ணின் தட்டை எட்டிப் பார்க்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். விருந்திலோ, அலுவலகத்துச் சாப்பாட்டு அறையிலோ, பருமனான ஒருத்தி இரண்டாம் முறை கரண்டியைக் கையில் எடுத்தால் நம் எல்லோருடைய கண்ணும் ஒரு கணம் அங்கே போய்த்தான் திரும்புகிறது. அவளே இளைத்துப் போய் நான்கு வாயோடு எழுந்துவிட்டால், அப்போதும் போகிறது. இந்தக் கதையில் வருகிறவள் இரண்டு பார்வைகளுக்கும் ஆளானவள்.

பழைய இரும்புக் கிடங்கு ஒன்றின் வாசலில் லாரி எடை மேடை இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தகடு, அதை ஒட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அறைக்குள் ஒரு கணினி, கழுத்து திரும்பாத மின்விசிறி, ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள். சரக்கோடு லாரி மேடையில் ஏறினால் திரையில் எண் வரும். அதில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம் சரக்கு. சீட்டு அச்சாகி வெளியே வரும். டிரைவர்களுக்கு அவள் 'மேடை அக்கா'.

"அக்கா, அந்தப் பக்கமா தள்ளி நில்லுங்க, என் லாரிக்கு எடை கூடுது" என்று ஒருவன் கத்துவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், சொல்லப் போனால் அவள்தான் முதலில் சிரிப்பாள். பிறர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் பாதிதான் வலிக்கும் என்று எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். இன்னொன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு வருஷக்கணக்கில் ஆகியும் எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் எல்லோரும் பேசி வைத்தாற்போல ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எடையைக் குறைச்சிட்டு வாங்க." ஒரு மருத்துவர் அதைச் சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குறைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நடந்தாள், பட்டினி கிடந்தாள், பச்சைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் படுத்தாள். போன எடை வட்டியோடு திரும்பி வந்தது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது, மாடிப்படி ஏறினால் முழங்கால் உயிரை வாங்கியது. பருமன் என்பது உடம்பின் நோய், ஒழுக்கத்தின் குறை அல்ல என்று உலகத்து அறிவியல் எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. நாம் மட்டும் இன்னும் அதை வாய்க்கொழுப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டாள். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரித் தைத்து விடுவார்கள். விஷயம் கசிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். "கடவுள் கொடுத்த வயித்தை வெட்டிக்கலாமாம்மா?" என்று உருகினார். அவருடைய கண்புரையை எடுத்தபோது அது யார் கொடுத்த கண் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சிகிச்சை ஒழுங்காக நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் சூப், அப்புறம் மசித்தது. மாத்திரைகளை அத்தை, அதாவது அவளுடைய மாமியார், கரண்டியின் அடியால் நசுக்கிப் பொடியாக்கித் தயிரில் குழைத்துத் தருவார். ஊட்டிவிடாத குறைதான். அந்த அம்மாளைக் கொடுமைக்காரி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அது பொய்.

எடை மளமளவென்று இறங்கியது. முழங்கால் அடங்கியது, சர்க்கரை மாத்திரை நின்றது. தலைமுடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. கையின் உட்புறத்துத் தோல் ஈரத்துணி மாதிரி தொங்கியது. இதெல்லாம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பசி இருக்காது என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பசி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வேளாவேளைக்கு அலைபேசி ஒலிக்கும். அவள் ஒரு முட்டையை எடுத்து உட்காருவாள். மென்று மென்று விழுங்குவாள். பாதியில் நெஞ்சில் ஏதோ வந்து அடைக்கும், வைத்துவிடுவாள். பிடித்திருந்ததா என்றால் தெரியாது. எதுவுமே பிடிக்கவுமில்லை, பிடிக்காமலுமில்லை. வாயில் ஆரம்பித்தது மெதுவாக எல்லா இடத்துக்கும் பரவிற்று. ஒருநாள் மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா! என் கை ஃபுல்லா சுத்தி வருது பாரு! ரெண்டு விரலும் தொட்டுக்குது!"

இந்த நாளுக்காக அவள் எத்தனை ஏங்கியிருப்பாள்! குனிந்து மகளின் தலையைத் தடவினாள். 'இப்போது எனக்கு அழுகை வர வேண்டும்' என்று நினைத்தாள். வரவில்லை. மின்சாரம் போன வீட்டில் பழக்கத்தில் சுவிட்சைத் தட்டுவதுபோல இருந்தது.

சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதம் மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தது. பல வருஷத்தில் அதுதான் முதல் முறை. கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுப் பள்ளத்தில் வேலை செய்கிறவன், ரகசியம் காக்கத் தெரிந்தவன் என்று பெயர். அன்று மாலையே அத்தைக்குத் தெரிந்திருந்தது.

"வழி திறந்தாச்சு, இனி எதுக்கு ஒத்திப்போடணும்?" என்றார் அத்தை.

"ஒன்றரை வருஷம் ஆகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை. உடம்புல சத்து சேரணுமாம். இல்லாட்டி குழந்தைக்கும் ஆபத்தாம்."

"டாக்டருக்கு என்னடி, அவங்களுக்கா வயசு ஏறுது? உனக்கு முப்பத்தாறு முடியப்போகுது."

"அம்மா சொல்றதும் ஒரு கணக்குதான்" என்றான் கணவன். "எதுக்கும் ஒரு நல்ல பெண் டாக்டரைப் பார்த்துக் கேட்டுடுவோம். சரியா?"

"சரி" என்றாள். அவளுக்கு அப்போது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. கேள்வி ஒன்றுதான். இந்தக் குழந்தை தனக்கு வேண்டுமா, வேண்டாமா? உள்ளே தேடிப் பார்த்தாள். பசி இருந்த இடம் மாதிரியே அந்த இடமும் காலியாக இருந்தது. வெட்டி எடுத்ததோடு சேர்ந்து இதுவும் போய்விட்டதா? யாரிடம் கேட்பது? கேட்டால் பைத்தியம் என்பார்கள். பதில் தெரியாமலே, எல்லோரும் சேர்ந்து அவளை ஒரு கர்ப்பத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் எடை மேடையில் ஒன்று நடந்தது.

கிடங்கில் இரும்பு ஏற்றுகிற பெண்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. அவர்களின் மேஸ்திரி, தலையில் துண்டு கட்டிய நடுவயதுப் பெண், ஜன்னலைத் தட்டினாள்.

"ஏம்மா, நாங்க ஏத்துறது கூடிக்கிட்டே வருது. உன் சீட்டுல மட்டும் எப்படி குறையுது?"

"மிஷின் பொய் சொல்லாதுக்கா."

"மிஷினைச் சொல்லலை. சங்கு வண்டிக்கு மட்டும்தான் இந்தக் கூத்து நடக்குது. மத்த வண்டியெல்லாம் சரியாத்தான் இருக்கு."

சங்கு என்பது டிரைவரின் பட்டப்பெயர். அவன் ஹாரன் அடித்தால் செத்தவன் எழுந்து உட்காருவான். தினம் வருகிற வண்டிகளை வெறுமையாக ஏற்றி எடை பார்ப்பதில்லை. ஒருமுறை பார்த்ததைக் கணினியில் பதிந்து வைத்து, அதையே கழித்துக்கொண்டு போவது எல்லா எடை மேடைகளிலும் உள்ள வழக்கம். நேரம் மிச்சம். அவள் எட்டிப் பார்த்தாள். சங்குவின் லாரியில் பழைய மரக்கட்டை பாடி இல்லை. பளபளவென்று புதுத் தகரம் நின்றது.

"பாடி எப்ப மாத்தினே?"

"அது ஆச்சு நாலஞ்சு மாசம்! தினம் பார்த்துட்டு இப்ப கேக்குறியே!"

"சரக்கை இறக்கிட்டு வெறும் வண்டியா மேடைல ஏத்து."

"என்னக்கா இது, என் வண்டியை உனக்குத் தெரியாதா? ஏழு வருஷமா ஓட்டுறேன்!"

"ஏத்துன்னா ஏத்து."

ஏற்றினான். கணினியில் பதிந்திருந்ததைவிட அரை டன்னுக்கு மேல் குறைவு. இல்லாத கட்டையின் எடையை மாதக்கணக்கில் கழித்து, இந்தப் பெண்களின் முதுகில் ஏறிய பாரத்தை அவள் சீட்டிலிருந்து அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தினம் அந்த லாரியைப் பார்த்தாள்தான். தெரிந்த வண்டியாயிற்றே என்று பார்க்காமல் விட்டாள். தவறு தன்னுடையது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். பழைய சீட்டுகளைத் திருத்த வேண்டும் என்றாள். அவர் வள்ளென்று விழுந்தார். அவள் நகராமல் நின்றாள். அதற்குத் துணிச்சல் தேவைப்படவில்லை; உள்ளே உறைந்து கிடந்ததில் அப்படி ஒரு வசதியும் இருந்தது. சாயங்காலத்துக்குள் திருத்த ஒத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பெண் மருத்துவர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மருத்துவர் அவளுடைய தடித்த கோப்பைப் புரட்டிவிட்டு, "சொல்லுங்க, என்ன யோசனை?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சீக்கிரமே பார்த்துடலாம்னு இருக்கோம் டாக்டர்" என்றான் கணவன். "இவளுக்கு ரொம்ப ஆசை."

"ஆசைன்னா அப்படி இப்படி இல்லை" என்றார் அத்தை. "பக்கத்துல யார் குழந்தை அழுதாலும் இவ சேர்ந்து அழுவா."

உண்மைதான். ஆபரேஷனுக்கு முன்னால்.

"அது அப்ப" என்றாள் அவள்.

கணவன் திரும்பினான். "அப்பன்னா? இப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு நான் சொல்லலை. வேணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியலை. ஆபரேஷனுக்கு அப்புறம் எதுவுமே தெரியலை டாக்டர். சிரிப்பு வரலை, அழுகை வரலை. அப்ப சொன்னதையே வெச்சு இவங்க பேசுறாங்க. இப்ப யாரும் கேக்கலை."

"என்னடி இது, ஆஸ்பத்திரில வந்து..." என்று ஆரம்பித்த அத்தை, மருத்துவர் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார்.

"இப்படி மரத்துப் போறது சிலருக்கு வர்றதுதான். இரும்புச் சத்தும் குறைஞ்சிருக்கு, பார்க்கணும். மனசுவிட்டுப் பேசவும் இங்க ஒருத்தர் இருக்காங்க, எழுதித் தர்றேன்" என்றார் மருத்துவர். "ஒன்றரை வருஷம்னு சொன்னது சரியான கணக்கு. அதைக் குறைக்க முடியாது." மறுபடி கோப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார். "சார், உங்க ரிப்போர்ட் எங்கே?"

"என்னோடதா?"

"ஆமா. உங்களோட டெஸ்ட்."

"எனக்கு எதுக்கு டாக்டர்? எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்கே."

"அவங்களுக்கும் அதே பொண்ணுதான் சார்."

அத்தைக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் சிரித்தது தன் மகனைப் பார்த்து என்று உறைத்தது போலும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஒருத்தியை இத்தனை ஆஸ்பத்திரி ஏற்றினார்கள், வாரக்கணக்கில் பட்டினி போட்டார்கள், உடம்புக்குள்ளேயே வெட்டித் தைத்தார்கள். அந்தச் சிகிச்சை வீண் என்று நான் சொல்லவில்லை. முழங்காலும் சர்க்கரையும் அவளுக்கு நன்றி சொல்லும். ஆனால் குழந்தை நிற்காததற்குக் காரணம் தேடிய இத்தனை படித்தவர்களில் ஒருவர்கூட, பக்கத்து நாற்காலியில் சட்டைப் பையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, ஒரு சின்ன டப்பாவை நீட்டவில்லை. வலியில்லாத சோதனை. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. எட்டு வருஷத்தில் ஒரு ஆண் மாறவே மாட்டான் என்று எந்த விஞ்ஞானம் சொன்னது?

வெளியே பஸ்ஸுக்கு நின்றார்கள். அத்தை நிழலில் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"கோவமா?" என்று கேட்டான்.

"வந்தா சொல்றேன். அதுவும் இன்னும் வரலை."

"நான் டெஸ்ட் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கங்க. அது வரட்டும், ஒன்றரை வருஷமும் ஆகட்டும். எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சதும் நானே சொல்றேன். அதுவரைக்கும் வீட்ல யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நான் பாப்பாகூடப் படுத்துக்கறேன்."

"இதுக்கெல்லாமா தனியா..."

"ஆமா."

அவன் நல்லவன்தான், சரி என்று தலையாட்டினான். அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்துக்குப் போனான். கூட்டமாக இருக்கிறது என்று திரும்பி வந்தான். அதற்கடுத்த வாரம் வேலை. அப்புறம் ஜலதோஷம். அத்தையே ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஏன்டா, அவ வயித்தையே குடுத்துட்டு வந்தா. உனக்கு ஒரு டப்பாவுல குடுக்க இவ்வளவு வெட்கமா?" என்று கேட்டுவிட்டார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பரிசோதனைக் கூடம் இருக்கும் திசையில் அல்ல.

அவள் வேலைக்குப் போய்வருகிறாள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்ப் பேசுகிறாள். பேச்சு சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. அத்தை இப்போது மாத்திரையை மட்டும் நசுக்குகிறார். வேறு எதுவும் கேட்பதில்லை. அறையில் மகள் தூங்கிய பிறகு, 'எனக்கு என்ன வேண்டும்?' என்று தன்னையே கேட்டுப் பார்க்கிறாள். இன்னும் சத்தம் இல்லை. ஆனால் அவசரப்படுத்தவும் யாரும் இல்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஆண்மகனே, உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், அவளை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். கூட்டமாக இருந்தால் வரிசையில் நில்லுங்கள். திரும்பி வந்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் உடனே வராது. தயவுசெய்து, அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாமல் இருங்கள்.