சோதித்துப் பார்த்ததாக ஒரு வரி

ராகவேந்திராவுக்குக் குப்பை என்றாலே ஆகாது. செம்பாக்கத்து வீட்டில் பழைய சார்ஜர் கண்ணில் படக்கூடாது; அலுவலகத்தில் பழைய நிரல் கண்ணில் படக்கூடாது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தின் அடித்தளமான கர்னலில், கடிகார டிரைவர்களைச் சுத்தம் செய்யும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கம்ப்யூட்டரை அணைத்தாலும் பொத்தான் பேட்டரியின் தயவில் உள்ளே நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் சின்ன சிப் ஒன்று உண்டல்லவா, அதோடு பேசும் நிரல்தான் இந்த டிரைவர். ஏழு வகைச் சிப்புக்கு ஏழு டிரைவர். ஒரே வேலையை ஏழு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். முந்நூறு வரியை வெட்டியெறிந்து எல்லாவற்றையும் ஒரே சீராக்கினான். அதுவரை குற்றமில்லை.

ஏழாவது சிப்பின் டிரைவரில் மட்டும், நேரத்தை எழுதி முடித்ததும் கொஞ்சம் காத்திரு என்று ஒரு வரி இருந்தது. ஏன் காத்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதையும் வெட்டினான். அந்தச் சிப் உள்ள போர்டு அவனிடம் இல்லை, கேட்ட கடையிலும் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றத்தின் அடியில் பெயர் போடுகிறவர், உண்மையான போர்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். சரிபார்க்க யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். சொன்னவர் சொல்லை நம்புவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆறு போர்டில் பார்த்தாயிற்றே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, ஏழு போர்டிலும் சோதித்துப் பார்த்தேன் என்று எழுதி அனுப்பினான். பானையே வேறு என்பது அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை. மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள், நாலு பேர் பாராட்டினார்கள், அவனும் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தபீதாள், கூடுவாஞ்சேரியில் பள்ளிக்கூடங்களுக்குத் தானாக அடிக்கும் மணிப் பெட்டி செய்பவர். புது கர்னல் போட்டதிலிருந்து, கரண்ட் போய் வந்தால் பெட்டி நேரத்தை மறந்துவிடுகிறதாம். ஒரு பள்ளியில் காலைப் பிரார்த்தனை மணி பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அடித்திருக்கிறது. 'தவறு எங்களுடையதாகத்தான் இருக்கும். நீங்கள் இதே சிப்பில் சோதித்திருக்கிறீர்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று சொன்னால் நாங்களும் அப்படியே செய்து பார்ப்போம்' என்று முடித்திருந்தார்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ராகவேந்திராவுக்கு. பக்கத்து மேசை ஆல்வின் எட்டிப் படித்துவிட்டு, வெட்டிய வரியைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"அந்தக் காத்திருப்பு வரியைத் திரும்பப் போட்டு ஒரு பேட்ச் அனுப்பிடு மச்சான். சின்ன இம்ப்ரூவ்மென்ட்னு எழுது. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் இரண்டாம் முறையும் பார்க்காமலே அனுப்பக் கை வரவில்லை. போர்டு இருப்பது கூடுவாஞ்சேரியில். போய்ப் பார்ப்போம், சரிசெய்வோம், மற்றதை வாயே திறக்க வேண்டாம் என்று தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே முடிவு செய்துகொண்டான். அவ்வளவுதான் அவன் வீரம்.

மளிகைக் கடைக்கு மேலே ஒரே கூடம்தான் தபீதாளின் பட்டறை. நீள மேசையில் நாலு பெண்கள் ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்துகொண்டிருந்தார்கள். தபீதாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது, கூடவே பிஸ்கட்டும் வந்தது.

"நீங்களே வருவீங்கன்னு நினைக்கல சார்," என்றார்.

பழைய காத்திருப்பு வரியை மீண்டும் சேர்த்துப் பெட்டியில் ஏற்றினான். நேரம் வைத்தான், பிளக்கைப் பிடுங்கினான், கொஞ்ச நேரம் விட்டுச் செருகினான். மணி சரியாக இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி செய்தான். பெட்டி நேரத்தை மறந்தது. நேரத்தை உள்ளே பத்திரப்படுத்த அந்தச் சிப்புக்கு அந்தச் சிறு அவகாசம் வேண்டியிருந்தது. கால் மணி நேர வேலை. எட்டு மாதம் முன்பே யாரிடமாவது ஒரு போர்டு கேட்டிருக்கலாம்.

"அப்போ உங்க போர்டுல மட்டும் எப்படி சார் ஒழுங்கா வந்துது?"

தபீதாள் குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேறு சமயத்தில் தயாரித்த சிப்பாக இருக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எங்கிட்ட அந்த போர்டே இல்ல மேடம். பாக்காமயே பாத்தேன்னு எழுதிட்டேன்."

தபீதாள் கத்தவில்லை. எதிரில் உட்கார்ந்தார்.

"இங்க சின்னப்பன்னு ஒருத்தர் இருந்தாரு சார். பதினோரு வருஷம். பேட்டரியும் நல்லாதான் இருக்கு, என் சால்டரிங்கும் நல்லாதான் இருக்குன்னு தலையால தண்ணி குடிச்சாரு. அவ்ளோ படிச்சவங்க சோதிச்சேன்னு எழுதியிருக்காங்களே, அவங்க பொய் சொல்லுவாங்களான்னு கேட்டேன். உங்களுக்குக் கை நடுங்குது, வீட்டுல இருங்கன்னு இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லி அனுப்பிட்டேன்."

மேசையில் ஒரு கையும் அசையவில்லை. ராகவேந்திராவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் போதும் என்றிருந்தது. தபீதாள் சின்னப்பனின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இன்னாக்கா?" என்றது குரல்.

ராகவேந்திரா தன் பெயரைச் சொன்னான். செய்ததைச் சொன்னான்.

"அக்கா அங்கதான் கீறாங்களா சார்?"

"இருக்காங்க."

"டேபிள்ல மத்த பொண்ணுங்க?"

"எல்லாரும் இருக்காங்க."

"அப்போ அவுங்களுக்கும் கேக்கறா மாரி இன்னொரு தபா சொல்லுங்க சார்."

ராகவேந்திரா எழுந்து நின்றான். "சின்னப்பன் மேல தப்பில்ல. நான்தான் பொய் எழுதினேன்," என்றான். குரல் பாதியில் கம்மிவிட்டது.

"சத்தமா சார்," என்றார் சின்னப்பன்.