சவ வண்டியில் பரீட்சைக்குப் போனவள்

என் தங்கை வெர்லீன் பதினேழு வயதில் சவ வண்டியில் ஏறிப் பரீட்சை எழுதப் போனவள். வண்டியை ஓட்டியவன் நான் என்பதால் விவரம் தப்பாமல் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமாவில் அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பர்களான எங்களுக்கு ஒன்று. பருத்தி எடுத்து முடியும்வரை எங்களுடையது பூட்டியே கிடக்கும். அவர்கள் படித்துக் கிழித்த புத்தகங்கள்தான் எங்களுக்கு வரும். நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். வெர்லீன் நிற்கவில்லை. கிழிந்துபோன பக்கங்களில் என்ன கணக்கு இருந்திருக்கும் என்று தானே யோசித்துப் போட்டுப் பார்ப்பாள்.

நகரத்துக் கறுப்பர் கல்லூரியில் உதவித்தொகைப் பரீட்சை வந்தது. பத்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் அவளுக்கும் பருத்திக் காடுதான்.

காலைப் பேருந்தில் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்தாள். எங்கள் ஆட்கள் காசு கொடுத்ததும் இறங்கிப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். அவள் பின்னால் நடப்பதற்குள் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டான்.

நான் அப்போது சவ அடக்கம் செய்யும் பர்விஸ் ஐயாவிடம் டிரைவர். வழியனுப்ப வந்திருந்தவன் அவளை இழுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

“வண்டிய எடுத்துக்க, ஓடெல்,” என்றார். “ஒரு காலிப் பெட்டியையும் ஏத்திக்க. சும்மா போனா போலீஸ்காரன் மறிப்பான். பொணம்னா வழி விடுவான்.”

“நான் எங்க ஐயா உக்கார்றது?” என்றாள் வெர்லீன்.

“முன்னாடி உக்காரு தாயி. பின்னாடி படுக்க உனக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கு.”

வழியெல்லாம் கார்கள் ஒதுங்கி நின்றன. பாலத்தருகே வெள்ளைக்காரப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் காரைவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, அந்தாளு எனக்குத் தொப்பி கழட்டுறாரு!”

“பேசாத புள்ள. அழற மாதிரி மூஞ்சிய வை.”

“சிரிப்பு வருதே!”

“கைக்குட்டையால மூடிக்க.”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தூரத்திலிருந்து பார்க்க அழுகை மாதிரியே இருந்திருக்கும்.

கல்லூரியில் கதவை மூடப்போன கண்காணிப்பாளர் வண்டியைப் பார்த்துப் பதறி வந்தார். “யாருப்பா தவறினது?”

“யாரும் தவறல சார். நான் பரீட்சை எழுத வந்தேன்,” என்று பென்சிலோடு இறங்கி உள்ளே நடந்தாள்.

மதியம் வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“நல்லா எழுதினேன்ணே. ஒரு கணக்குல கேள்வியே தப்பு. ஏன் தப்புன்னும் எழுதிட்டு வந்துட்டேன்.”

“கேள்வி போட்டவங்களையே திருத்தினா யாரு காசு குடுப்பா?” என்று திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன். ஆனால் முழு உதவித்தொகையும் அவளுக்கே கிடைத்தது. இன்று அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியை. அறை வாசலில் டாக்டர் என்று போட்டு அவள் பெயர்ப் பலகை இருக்கிறது. போகும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்டு வருவேன், அழுக்கு இல்லாவிட்டாலும்.