ஓரிரு இடங்களில் மழை

உறையூரில் எங்கள் தெருவுக்கு மழைச் செய்தி சொல்ல என் அண்ணன் தாயுமானவனை யாரும் கூலிக்கு வைக்கவில்லை. வாய் சும்மா இருக்காமல் தானாகப் போய் மாட்டிக்கொண்டார். திருச்சிக்கு ரேடியோ நிலையம் வந்த முப்பத்தொன்பதாம் வருஷம் அது. தறியை விட்டு இறங்கியதும் பூங்காவுக்கு நடந்துபோய், அங்கே கட்டியிருந்த ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று கேட்டுவிட்டு வருவார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மழைச் செய்தியை மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்.

நெசவுக்காரனுக்கு மழை என்றாலே ஆகாது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் காயவைக்க வேண்டும். நடுவில் மழை வந்தால் கஞ்சி கரைந்து நூலெல்லாம் சிக்காகிவிடும். ஊர்த் தெய்வம் வெக்காளியம்மனைக் கேட்கலாம் என்றால், அவளே கோயிலில் கூரை இல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறாள். அதனால் அண்ணனைக் கேட்டார்கள்.

"தென் ஜில்லாக்களில் பெரும்பாலும் மழை இராது. ஓரிரு இடங்களில் பெய்யலாம்" என்பார் அண்ணன்.

"எந்த இடம்னு சொன்னானா?" என்று கேட்பார் தெருவுக்குப் பெரியவரான சோணாசலம் மாமா.

"சொல்லலீங்க மாமா."

"பின்னே என்ன? நம்ம ஊருல உட்கார்ந்து பேசுறவன், நம்ம ஊருன்னா பேரைச் சொல்லாமலா விடுவான்? விரிங்கப்பா பாவை!"

உள்ளூர் ரேடியோ உள்ளூரைக் கைவிடாது என்று அப்படியொரு நம்பிக்கை. அண்ணனுக்கும்தான்.

ஆவணிக் கல்யாணச் சேலைகளுக்காக ஆடியில் ஒருநாள் தெரு முழுக்கப் பாவு விரித்தார்கள். கஞ்சி காய்வதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்திலிருக்கும் புத்தூரில் ஒரு சொட்டு இல்லையாம். எல்லார் பாவும் பாழ், எங்களுடையதும்தான்.

"உன்னை நம்பித்தானேடா விரிச்சோம்!" என்று சோணாசலம் மாமா வாசலில் வந்து கத்தினார்.

"ஓரிரு இடத்துல பெய்யும்னு சொன்னேனே மாமா."

"அது நம்ம தெருதான்னு சொன்னியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவை விரி என்று கூவியது யார்? அண்ணனா, மாமாவா?

பாவுக்குக் கஞ்சி போட ஒரு வீட்டு ஆள் போதாது. யார் வீட்டுப் பாவானாலும் கூப்பிடாமலே தெரு இறங்கும். கூலி கிடையாது, இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு, அவ்வளவுதான். தெரு கைவிட்டால் நெசவுக்காரனுக்குத் தறியே இல்லை.

அண்ணன் மறுபடி கடனுக்கு நூல் வாங்கிப் பாவு இழுத்த அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. ஒருத்தருக்குக் கால் வலி, ஒருத்தருக்கு வயிற்று வலி. அண்ணனும் அண்ணி மரகதமும் நானும் மட்டும் கஞ்சிச் சட்டியோடு ஓடினோம். ஒரு முனையில் தடவி மறு முனைக்குப் போவதற்குள் இந்த முனை காய்ந்து நூல் முறுக்கிக்கொண்டது. அண்ணி தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் பார்த்தார்கள், பாவிகள்!

பொழுது சாயும்போது சோணாசலம் மாமா வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தாயுமானு, ரேடியோ என்ன சொல்லுச்சு? நாளைக்கு எங்க வீட்டுப் பாவு."

"சொல்லாதீங்கண்ணா!" என்றேன். அண்ணன் கேட்கவில்லை. பூங்காவுக்குப் போய்க் கேட்டு வந்து, முழுசாகச் சொன்னார்.

விடிந்ததும் தெரு மொத்தமும் மாமா வீட்டுப் பாவுக்கு இறங்கியது. அண்ணனும் கஞ்சி தடவும் பிரஷை எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்குக் கை கொடுத்தால் நாளைக்கு நமக்கும் வருவார்கள் என்ற நினைப்பு. மாமா அவர் கையிலிருந்து பிரஷைப் பிடுங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

"இதுக்கு ஆள் இருக்கு. நீ அந்த ஓரமா நின்னு மேகம் வருதான்னு பாரு, போதும்."

நல்ல வெயில். அவர்கள் பாவைச் சுருட்டி முடிக்கிறவரை என் அண்ணன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.