செலின் அக்காவும் ஐந்து நாடுகளும்

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பது. என் கைபேசியில் ஏழு தவறிய அழைப்புகள். மூன்று ஜெர்மனியிலிருந்து, மூன்று அமெரிக்காவிலிருந்து, ஒன்று குவைத்திலிருந்து. திரும்ப அழைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தேங்காய்ப்பட்டணத்தில், என் வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய வீட்டில், செலின் அக்கா இறந்த செய்தி கடல் தாண்டிப் போய் என்னிடம் திரும்பி வந்தது. அவர் குடும்பம் அப்படி. நம்மூரில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான்.

நம் ஆய்வுக் குழு நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குவைத்தில் நர்ஸ், பிறகு இங்கிலாந்தில் நர்ஸ், அங்கேயே மருத்துவச் செலவுக் கணக்கியல் படித்து, நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவர். எந்த நாடு மருத்துவத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது, அதற்கு மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒப்பிடுவது நம் வேலை. தரவும் நிரலும் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவர்.

அவர் வேலை செய்யும் முறை எனக்கு முதலில் எரிச்சலைத் தந்தது. உலக அறிக்கைகள் இணையத்தில் கிடக்கின்றன, இறக்கி அட்டவணை போட்டால் முடிந்தது என்பது என் கட்சி. அவரோ தேவாலயத் திருவிழாவுக்காகக் காத்திருந்தார். திருவிழாவுக்கு வெளிநாட்டு நர்சுகள் எல்லாரும் லீவில் வருவார்கள். அவர்களையும் ஊர்க்காரர்களையும் பங்கு மண்டபத்தில் உட்காரவைத்து, நர்சுகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வள்ளத்துல வழுக்கி விழுந்து ஒருத்தனுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. ஒங்க நாட்டுல முதல் ஒரு மணிக்கூர் நேரத்துல என்ன நடக்கும்? கடைசியில யாரு காசு கொடுப்பா?"

இங்கிலாந்துக்காரி எழுந்தார். "ஆபரேஷன் ஒடனே நடக்கும், ஒத்தப் பைசா கேக்கமாட்டாவ. ஆனா தேஞ்சுபோன கால்முட்டு மாத்தணும்னா மட்டும் காத்துக் கெடக்கணும்."

"எவ்வளவு நாளு?"

"நடக்க மறந்து போவும் அக்கா."

அமெரிக்காக்காரி சொன்னார்: "எங்க ஊர்ல எல்லாம் ஜோரா நடக்கும். வீட்டுக்குப் பில்லு வரும்போதுதான் நெஞ்சு வலி வரும்."

"அப்ப அதுக்கும் ஒரு பில்லு வருமே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்த, மண்டபம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் செலின் அக்கா மெதுவாகக் கேட்டார்: "சரி, இங்க இருக்கவங்கள்ல எலும்பு ஒடஞ்சும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாதவங்க யாரு?" கைகள் எழுந்தன. ஒன்றிரண்டு அல்ல.

அன்று மாலை என் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் கேட்டார்: சிகிச்சைக்கு வராதவர்கள். நான் மறுத்தேன். "அதுக்குத் தரவு கிடையாது அக்கா. காலியாத்தான் கிடக்கும்."

"கெடக்கட்டும் மக்கா. ஆளு வராத ஆஸ்பத்திரிக்குச் செலவு கம்மிதான். அதத் திறமைன்னு நீ மார்க்கு போட்டுறாத."

நானும் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை. இங்கிலாந்து என்றால் அவருக்கு ஒரு சாய்வு உண்டு. "நீங்க கவுண்டருக்கு உள்ள நின்னவங்க, அதான் வெளியில நிக்கற வரிசையோட நீளம் தெரியல்ல" என்று ஒருமுறை முகத்துக்கு நேரே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இங்கிலாந்து பற்றித் தான் எழுதியிருந்த பத்தியை அடித்துத் திருத்தி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "ஒன் நாக்கு வெளங்காது. ஆனா சொன்னது உள்ளதுதான்."

சென்ற ஆண்டு அவருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. மாதக்கணக்காக நெஞ்செரிச்சல் இருந்திருக்கிறது. கேஸ்தான் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். நான் கோபத்தில் கத்தினேன். அவர் சிரித்தார். "ஏலே, ஒன் காலிக் கட்டத்துல ஒரு ஆளு கெடச்சாச்சு. எழுதிக்கோ."

பிறகு உடன்பிறந்தவர்களின் குழு அழைப்பு. நானும் அருகில் இருந்தேன். அமெரிக்க அண்ணன் வீட்டை அடமானம் வைக்கிறேன் என்றார். ஜெர்மனியில் இருக்கும் தம்பி ஆன்றோ, "இங்க வாக்கா, நான் எல்லாம் பாத்துக்கிடுதேன்" என்று அழுதார். குவைத் தங்கை இருவரையும் திட்டினார். செலின் அக்கா ஒவ்வொரு நாடாக எடுத்து விளக்கினார்: ஜெர்மன் காப்பீட்டில் தான் இல்லை, இங்கிலாந்தில் இப்போது குடியிருப்பவர் இல்லை, குவைத்தில் வேலையில் இல்லை. "எல்லா நாடும் என்ன வலின்னு கேக்கதுக்கு முன்ன, நீ யாருன்னுதான் கேக்கும். இங்க அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இருக்கு. மருந்து எல்லா இடத்துலயும் அதே மருந்துதான்." அரசுக் காப்பீட்டு அட்டையோடு இங்கேயே சிகிச்சை எடுத்தார். கீமோ நாட்களிலும் என் நிரலில் பிழை கண்டுபிடித்தார்.

அடக்கம் முடிந்து வீட்டு முற்றத்தில் நின்றோம். வந்தவர்கள் மார்க் போட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே போயிருந்தால் பிழைத்திருப்பாள், இங்கே இருந்ததால்தான் போனாள். ஆன்றோ விமானத்திலிருந்து நேராக வந்திருந்தார், சட்டைகூட மாற்றவில்லை. என் கையைப் பிடித்தார்.

"நீ கணக்கு தெரிஞ்சவன். உள்ளதச் சொல்லு. நான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

எந்த நாட்டில் இந்த நோய்க்காரர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்ற எண்கள் எனக்குத் தெரியும். அவற்றில் எதுவும் செலின் அக்கா அல்ல.

"தெரியாது அண்ணே. ஆயிரம் பேருக்குன்னா சொல்லலாம். ஒருத்தருக்குச் சொல்ல முடியாது. பிந்திக் கண்டுபிடிச்சோம். அது மட்டுந்தான் எனக்கு உறுதியாத் தெரியும்."

அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். செலின் அக்கா இருந்திருந்தால் அவரை முறைத்திருப்பார். என் பேச்சு பிடிக்காதபோதும் அதில் சரியானதை எடுத்துக்கொண்ட மனுஷி. அந்தக் குணம் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வேண்டியது அதுதான்.

இனி நான் செய்யப்போவது:

1. ஐந்து நாட்டு ஒப்பீட்டை இந்த மாதமே வெளியிடுவேன். ஒன்று, இரண்டு என்ற தரவரிசை அதில் இருக்காது.

2. அடுத்த திருவிழாவில் அதே மண்டபம், அதே கேள்வி. இந்த முறை கை தூக்குகிறவர்களிடம் ஏன் போகவில்லை என்றும் கேட்டு எழுதுவேன்.

3. ஆன்றோ அண்ணன் ஞாயிறுதோறும் அழைத்து அதே கேள்வியைக் கேட்கிறார். அதே பதிலைச் சொல்வேன். எரிந்து விழ மாட்டேன்.

4. என் அப்பாவுக்கு இரண்டு மாதமாக நெஞ்செரிச்சல். "கேஸுதாம்ல" என்கிறார். வெள்ளிக்கிழமை காலை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்று சட்டை போடாமல் உட்காருவார். சட்டை இல்லாமலே கூட்டிப்போவேன்.