ஒட்டினவர்தான் எடுக்கணும்

காது கேளாத ஆறு பேருக்கு நான் பதினேழு நாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எங்கள் கம்பெனியில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதுவும் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வந்த பனியன்களை நீள மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடிப்பது எங்கள் பிரிவின் வேலை. என் மேசையில் பதினான்கு பேர். அதில் ஆறு பேருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. மற்ற எட்டுப் பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டே கோட்டை விடும் ஓட்டையை இந்த ஆறு பேர் பிடித்துவிடுவார்கள். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் சத்தத்துக்கு நடுவில் இருபது வருடம் கத்தி வளர்ந்த குரல். காது கேட்காதவர்களிடமும் கத்தித்தான் பேசுவேன். அவர்கள் என் உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து, மீதியை ஊகித்து வேலையை முடித்துவிடுவார்கள். எல்லாம் என் குரலின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவுக்காகக் கம்பெனியைப் பூட்டியபோது, ஆட்கள் தொடர்பு விட்டுப்போகக் கூடாது, பிரிவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போடுங்கள் என்று மேனேஜர் சொன்னார். போட்டேன். தமிழை எழுத ஆரம்பித்தால் எனக்கு எந்த 'ர' எங்கே வரும் என்று தெரியாது. அதனால் தினமும் காலையில் பேசி அனுப்பினேன். "கண்ணுகளா, சாப்புட்டீங்களா? ஊட்ட உட்டு வெளிய போகாதீங்க, சுடுதண்ணி குடிங்க" என்று தொடங்கினால் நாலு நிமிடம் போகும். அந்த ஆறு பேரும் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிடுவார்கள். மற்ற எட்டுப் பேரிடமிருந்து ஒரு சத்தமும் வராது. அந்த ஆறு பேரைப் பார்த்தாவது மரியாதை கற்றுக்கொள்ளுங்கள் என்று எட்டுப் பேரையும் திட்டி ஒரு நாள் தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். அதற்கும் ஆறு கட்டைவிரல் வந்தது.

பதினெட்டாம் நாள் காலையில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தபோது என் மகள் கேட்டாள். "ஏம்மா, அவங்களுக்குத்தான் காது கேக்காதே?" எனக்குத் தெரியாத விஷயமா அது? பத்து வருடமாகத் தெரியும். என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

அந்த ஆறு பேரில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். திருப்பூருக்கு வந்து பத்து வருடம். ஆறு பேரில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தாள். அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டு, பிழையோடு எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அக்கா மெசேஜ் போனில் கோடு மட்டும் தெரியும். பேச்சு தெரியாது. சும்மா விரல் போட்டோம். அக்கா மனசு கஷ்டம் கூடாது." அன்றோடு வாய்ஸ் மெசேஜை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு வீடியோ கால். கம்பெனியில் டீக்கு மணி அடிக்கும் நேரம் மாலை நாலு மணி. அதே நேரத்துக்கு அவரவர் வீட்டில் டீயோடு உட்கார்ந்துகொள்வோம். அந்தக் கூட்டத்தில் காது கேட்கிற ஒரே ஆள் நான். ஒன்றும் புரியாத ஒரே ஆளும் நான்தான். ஆறு பேரும் கையால் பேசிச் சிரித்துத் தள்ளுவார்கள். நான் ஹிந்திப் படம் பார்ப்பவள் மாதிரி, எல்லாரும் சிரிக்கும்போது கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பேன். போகப்போகச் சில சைகைகள் பிடிபட்டன. மன்னிப்புக்குக் காதுமடலைப் பிடிக்க வேண்டும். மேனேஜரின் பெயர், வாட்ச்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது. என் பெயர், வாய்க்கு முன்னால் கையைத் திறந்து திறந்து மூடுவது. அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை.

பாதி ஆட்களை வைத்துக் கம்பெனியைத் திறக்கலாம் என்று அனுமதி வந்தது. திங்கட்கிழமை திறப்பு. மேனேஜர் என்னை மட்டும் புதன்கிழமையே வரச் சொன்னார். அவர் மரியாதைக்குப் பேர்போன மனிதர். யாரைத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

"உங்க மேசைக்குப் பாதிப் பேருங்க, ஒண்ணு கூடுனாலும் பரவால்லீங்க. அந்த ஆறு பேரு வேண்டாமுங்க. அவங்கள கூப்புடணும்னா தோளத் தொடோணும், தொடக் கூடாதுங்கறாங்க. நீங்க பேசறதுன்னா உதட்டப் பாக்கோணும், மாஸ்க் போடோணுங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, எப்படிங்க வேலை வாங்குவீங்க?"

ஊருக்கே கேட்கும் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. பாவம், அவர்கள் பத்திரமாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பாவம் என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் கையாலேயே எட்டுப் பேரின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அந்தத் தென்காசிப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "ஞாயிறு அண்ணன் கார் வருது. பாஸ் வாங்கியாச்சு. வேலை இல்லை என்றால் ஊர் கூட்டிப் போகும். திரும்ப விடாது. ஊரில் கை பேச ஆள் ஒன்று இல்லை."

நாலு மணிக்கு வீடியோ காலில் ஆறு முகமும் வந்தன. எப்போது வேலை என்று அவள் கேட்டாள். அந்தச் சைகை எனக்கு நன்றாகத் தெரியும். போனில் பேசுகிறவர்களிடம் என்றால், விட்டு விட்டுக் கேட்கிறது, சிக்னல் இல்லை என்று சமாளித்திருப்பேன். இவர்களிடம் அது எடுபடாது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். வாயைப் பாதி திறந்தபடி, கையைப் பாதி தூக்கியபடி, கண் இமைக்காமல் அப்படியே அசையாமல் உட்கார்ந்தேன். வீடியோ நின்றுபோய்விட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். திரையில் ஆறு பேரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். பிறகு என் தலைக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே கொடியில் காயப்போட்ட துண்டு ஃபேன் காற்றில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தபோது, அவள் ஏற்கெனவே அழைப்பைத் துண்டித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி கேட்டில் பிரிவுவாரியாகப் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர் இருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்க நானும் நின்றேன். ரோட்டில் பிளீச்சிங் பவுடரால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக ஆட்கள். அவள் நடந்தே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக என் பிரிவின் பட்டியலிடம் போய், பனியனைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்து ஒவ்வொரு வரியாக. பிறகு தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். ஒரு செக்கிங்காரி உள்பக்கம் பார்க்காமல் எதையும் விட மாட்டாள்.

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பினாள். பின்னால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டிய பட்டை, கம்பெனி பூட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. பனியனில் எங்கே பழுது இருக்கிறதோ அங்கே இந்த அம்பை ஒட்டி, தைத்தவருக்கே ஆல்டருக்கு அனுப்புவோம். அவர்கள் திருத்திக் கொண்டுவர வேண்டும். அவள் ஒரு அம்பை உரித்து, எட்டாவது பெயருக்குக் கீழே ஒட்டினாள். அம்பின் முனை வெறும் வெள்ளைத் தாளைக் காட்டியது.

மேனேஜர் வெளியே வந்தார். விஷயத்தைப் பார்த்தார். அம்பை எடுக்கக் கையை நீட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முன்பு ஒரு டெய்லர், ஆல்டர் செய்யச் சோம்பல்பட்டு அம்புகளை மட்டும் உரித்துப்போட்டுவிட்டு பனியனை அப்படியே அனுப்பிவிட்டார். ஓட்டையோடு கப்பல் ஏறிப்போய் ஓட்டையோடு திரும்பி வந்தது சரக்கு. அன்றைக்கு மேனேஜர் வைத்த சட்டம்தான் 'ஒட்டினவர்தான் எடுக்கணும்.' திருத்தியதை ஒட்டியவரே பார்த்து, சரி என்றால் அவர்தான் அம்பை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். ஒருமுறை முதலாளியே விளையாட்டாக ஒரு அம்பைக் கிள்ளி எடுத்தபோது, "அதை மறுபடி ஒட்டிப்போடுங்க" என்று சொன்ன மனிதர் அவர்.

"சார்," என்றார் வாட்ச்மேன், ரொம்பப் பணிவாக. "ஒட்டினவங்கதானுங்களே எடுக்கோணும்?"

வட்டத்துக்குள் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அது மெதுவாகப் பக்கத்தில் இருந்த சானிடைசர் பாட்டிலுக்குப் போனது, ஏதோ அதற்காகத்தான் கிளம்பியது போல. கையை நன்றாகத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க அவங்க?"

"பீஸ் ஆல்டருங்க சார்," என்றேன். "தெச்சவ நான்தானுங்க. தப்பு என் மேலதான்."

சொன்னதும் வாய் பழையபடி திறந்துகொண்டது. அவள் கேட்டின் கம்பியில் கை வைத்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பத்தடி தள்ளிப் போய், கேட்டின் அந்தக் கோடியில் சாவிக்கொத்தால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கம்பி அதிர்ந்தது. அவள் சட்டென்று திரும்பினாள். "இப்படித்தானுங்க சார் கூப்புடுவேன். மேசையோட ஒரு கோடில தட்டுனா ஆறு பேரும் நிமுந்து பாப்பாங்க. தொட வேண்டியதில்ல. அப்பறம் உதடுங்கறீங்க, மெஷின் ஓடறப்ப நம்ம பேச்சு எந்தக் காதுக்குங்க கேட்டிருக்குது? நம்மெல்லாமே கையிலதானுங்க பேசறோம்."

மேனேஜர் பேனாவை எடுத்து, அம்பு காட்டிய இடத்தில் அவள் பெயரை எழுதினார். அவள் குனிந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். அம்பை எடுக்கவில்லை. ஐந்து விரலை விரித்துக் காட்டினாள்.

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். பாதிப் பேருக்குத்தான் அனுமதி என்று மறுபடி சொன்னார், ரொம்ப மரியாதையாக. ஏழேழு பேராக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரட்டும், பதினான்கு பேரும் வேலையில் இருப்பார்கள் என்றேன் நான். முதலில் பெயர் வந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். மாஸ்க் போட்டிருந்ததால் யார் என்று சத்தியம் பண்ண முடியாது. மேனேஜர் மீதி ஐந்து பெயரையும் எழுதினார். அவள் ஐந்தையும் விரல் வைத்துப் பார்த்தாள், ஒரு பெயரில் விட்டுப்போன துணைக்காலைப் போட வைத்தாள், பிறகு அம்பை உரித்தாள்.

அதைப் பட்டையில் திரும்ப ஒட்டுவாள் என்று நினைத்தேன். என் எதிரே வந்து, என் அடையாள அட்டையில், என் போட்டோவைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிட்டுப் போனாள். நான் உடனே காதுமடலைப் பிடித்தேன். அவள் திரும்பி, ஒழுங்காகத் திருத்தாமல் வந்த பனியனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். தங்கை பட்டியலின் போட்டோவைக் காட்டினாளாம். வந்த கார் சும்மா போகக் கூடாது என்று, சுற்றிக்கொண்டு மூலனூர் போய் முருங்கைக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனாராம்.

அம்பு என் அட்டையிலேயே இருந்தது. வீட்டில் உரித்துப்போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் எடுக்கக் கை வரவில்லை. மேனேஜர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவார். சட்டம் அவருடையது என்பதால் ஒன்றும் சொல்ல மாட்டார். வேலை நாளில் அவளுக்கு நான் தேவைப்பட்டால் மேசையைத் தட்டுவாள், பழுதைக் காட்டுவாள், திரும்பிக்கொள்வாள். என் பெயரைச் சொல்லவே மாட்டாள். எனக்கு அதுதான் வலித்தது.

பன்னிரண்டாம் நாள் டீ மணி அடித்தது. என்னால் முடியவில்லை. அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வாயைப் பாதி திறந்து, வலது கையைப் பாதி தூக்கி, கண் இமைக்காமல் அசையாமல் இருந்தேன். பிறகு இடது கையால் ஒரு பனியன் வேஸ்ட் துணியைத் தலைக்குப் பின்னால் பிடித்து, நன்றாக ஆட்டினேன்.

துணியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் மாஸ்க் மூக்கிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தாள். எழுந்து வந்து, என் அட்டையிலிருந்து அம்பை நகத்தால் கிள்ளி எடுத்தாள். பிறகு தன் வாய்க்கு முன்னால் கையைத் திறந்து மூடி, என் பெயரைச் சொன்னாள்.